பரதேசம் போனவர்களைக் கூப்பிடுகிறவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு மடையன். இதை என் வீட்டில் சொன்னால், "இதுல புதுசா என்ன இருக்குது?" என்பார்கள். ஊரில் சொன்னால், "யாரு, கடைக்காரரா? அது தெரிஞ்சதுதானே" என்பார்கள். வெளியூர்க்காரர்களாகிய உங்களிடம் மட்டும்தான் இதை ஒரு செய்தி போலச் சொல்ல முடிகிறது. வடக்கே ஓசூரையும் தெற்கே சேலத்தையும் தாண்டிப் போனதில்லை என்ற ஒரே தகுதியோடு, ஐம்பது வயதுக்கு மேல், நான் ஸ்பானிஷ் மொழி படிக்கத் தொடங்கினேன்.

காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக எனக்கு ஒரு கடை இருக்கிறது. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், சார்ஜர் ஒயர், செல்போன் ரீசார்ஜ். ரீசார்ஜ் செய்ய வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது வீட்டில் படுத்தபடியே போட்டுக்கொள்கிறார்கள். பகல் முழுவதும் லாரிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, செல்போனில் இலவசமாக மொழி கற்றுத்தரும் வசதி ஒன்று கண்ணில் பட்டது. இலவசம் என்றால் நான் நஞ்சைக்கூட ஒரு மடக்கு குடித்துப் பார்ப்பேன். ஆமை ரொட்டி தின்கிறது. என் மாமாவின் சட்டை சிவப்பு. இந்த இரண்டையும் தர்மபுரி மாவட்டத்தில் யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப் போகிறேன் என்று ஒரு நாளும் யோசிக்காமல் மனப்பாடம் செய்தேன்.

அப்படித்தான் ஒரு நாள் 'அந்தாரியேகோ' என்ற சொல் வந்து சேர்ந்தது. 'அந்தார்' என்றால் நடப்பது. நடை பிடித்துப்போனவன், ஓரிடத்தில் கால் தரிக்காதவன், அவன் அந்தாரியேகோ. மனிதருக்கும் சொல்லலாம். கதவு திறந்திருந்தால் தெருவுக்குப் போய்விடுகிற நாய்க்கும் சொல்லலாம். ஊர் ஊராகத் திரிகிறவனுக்கு அந்த மொழியில் வேறு சொற்களும் உண்டு. 'வாகபுந்தோ' என்றும் சொல்வார்கள். ஆனால் அதில் வேலைவெட்டி இல்லாதவன் என்ற வாடை அடிக்கும். 'த்ரோத்தாமுந்தோஸ்' என்றால் உலகம் சுற்றுகிறவர். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அந்தாரியேகோவுக்குச் செருப்பு போதும். எனக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது.

நம்மிடமும் சொற்கள் இல்லாமல் இல்லை. நாடோடி, தேசாந்திரி, ஊர்சுத்தி, பரதேசி. ஆனால் எதைச் சொன்னாலும் ஒரு 'ச்சீ' கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. பரதேசி என்றால் வேறு தேசத்தவன் என்பதுதான் பொருள். எங்கள் வீட்டில் அது நாய் என்ற சொல்லுக்கு முன்னால் போடும் பட்டம்.

மனைவியிடம் சொன்னேன். "இனிமே என்னை ஊர்சுத்தின்னு திட்டாத. அந்தாரியேகோன்னு சொல்லு. நடந்துகிட்டே இருக்கறவன்னு அர்த்தம், மரியாதையான வார்த்தை."

அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கு நடக்கணும்ன்றீங்க. நீங்க வண்டியில கடைக்குப் போறீங்க, கடையில ஒக்காந்துக்கறீங்க, வண்டியில திரும்பி வர்றீங்க. ஊர் சுத்தறதுக்குக்கூட ஒரு துப்பு வேணுங்க."

அந்த வருடம் மழை பொய்த்தது. எங்கள் ஊர் கடையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் பார்த்த பூமி. நிலக்கடலை பூத்து, காய் பிடிக்க விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டிய நேரம். மண் இறுகிக் கிடந்தால் விழுது எங்கே இறங்கும்? வெயிலில் தொங்கிக் கருகும். என் மனைவியின் அரை ஏக்கரும் அப்படித்தான் நின்றது. அவள் காலையில் போய்ச் செடியைத் தூக்கிப் பார்ப்பாள். திரும்பி வந்ததும் முதல் பாத்திரம் என்ன சத்தத்தோடு கீழே வைக்கப்படுகிறது என்பதை வைத்து, விழுதின் நிலைமையை நான் தெரிந்துகொள்வேன்.

மழை தப்பினால் எங்கள் ஊரில் பரதேசம் போவார்கள். அது ஒரு சடங்கு. பெண்கள் வீடு வீடாக ராகி மாவு வாங்கி, உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சி, கோயில் முன்னால் உட்கார்ந்து குடிப்பார்கள். பிறகு முறம், துடைப்பம், பாய், சட்டி பானை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, "மழையில்லாத ஊர்ல எப்பிடிப் பொழைக்கறது, நாங்க பரதேசம் போறோம்" என்று அழுதபடி ஊரை விட்டுக் கிளம்புவார்கள். மேலே இருக்கிற சாமி அதைப் பார்த்துப் பதற வேண்டும். எல்லைக்கல்லுக்கு உள்ளே ஒருவன் நின்று, "போகாதீங்க தாயிங்களே! மழை வருது, மண்ணு நனையுது, வூட்டுக்குத் திரும்புங்க!" என்று கூப்பிட வேண்டும். "எங்கடா மழை? காட்டு!" என்று அவர்கள் கேட்பார்கள். அவன் ஒரு மேகமும் இல்லாத வானத்தைக் காட்டி, "அதோ!" என்பான். மூன்று முறை இப்படி. மூன்றாவது முறை நம்பிவிட்டு எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி, உப்புப் போட்டுச் சமைப்பார்கள்.

அப்படி வானத்தைக் காட்டிப் பொய் சொல்வதற்கென்றே எங்கள் ஊர் ஒரு குடும்பத்தை வைத்திருக்கிறது. அது எங்கள் குடும்பம். வேறு யார் கூப்பிட்டாலும் செல்லாது. என் அப்பா கூப்பிட்டால் மூன்று காடு தள்ளி மேயும் எருமை நிமிர்ந்து பார்க்கும் என்பார்கள். அவர் போன பிறகு இதுதான் முதல் தடவை. கோயில் தர்மகர்த்தா எனக்கு மாமா முறை. ஊர்க் கூட்டத்தில் அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவன் கூப்ட்டா பொம்பளைங்க வருவாங்களா?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவர் இருமினார்.

அந்த இருமல் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே மரியாதை இது. மற்றபடி நான் கேலிக்கு நேர்ந்துவிடப்பட்ட ஆள். கூப்பிட்டு, அவர்கள் திரும்பி வந்துவிட்டால் போதும். அப்பாவின் மகன் என்று பெயர் வந்துவிடும். ஒரு வாரம் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு கத்திப் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அக்கா, உங்க கன்னுக்குட்டி எதனா கவுத்துல மாட்டிக்கிச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

சடங்கு நாளன்று மத்தியானம் வரைக்கும் கடையைத் திறந்து வைப்பது, பொழுது சாயும்போது எல்லைக்கல்லில் போய் நிற்பது என்று திட்டம். மூன்று கல் கூட்டி, விறகு வைத்து, அத்தனை பெரிய அண்டாவில் கஞ்சி வேக நேரம் ஆகும். அப்பா காலத்திலிருந்து பார்த்த கணக்கு.

கடையை மூடப் போகும்போது ஒரு சைக்கிள் வந்து நின்றது. முன்னும் பின்னும் மூட்டைகள். ஓட்டி வந்தது ஒரு வெளிநாட்டுப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் முகம் செங்கல் நிறமாகியிருந்தது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு இந்தச் சாலையில் சைக்கிளில் போகிறவர்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தண்ணீர் வாங்குவார்கள், போவார்கள். ஆனால் இந்தப் பெண் பாட்டிலை எடுக்கும்போது தனக்குத்தானே "அகுவா" என்றாள்.

எனக்குள் ஏதோ உடைந்தது. எத்தனை மாதமாகப் பேச ஆளில்லாமல் தேக்கி வைத்திருந்த மொழி! இரண்டு கைகளையும் விரித்து, சுத்தமான ஸ்பானிஷில் அறிவித்தேன்: "என் மாமாவின் சட்டை சிவப்பு!"

அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், மாமாவைத் தேடி.

அப்புறம் சிரித்தாள் பாருங்கள், சைக்கிளே சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் பாதி ஆங்கிலத்திலும் பாதி செல்போனின் மொழிபெயர்ப்பிலுமாகப் பேசினோம். நான் என் பொக்கிஷத்தை வெளியே எடுத்தேன். "நீ அந்தாரியேகோவா?"

பெண் என்றால் 'அந்தாரியேகா' என்று திருத்தினாள். அதோடு விடவில்லை, அந்தச் சொல்லின் உள்வீட்டுச் சமாசாரத்தையும் சொன்னாள். அவள் ஊரில் ஆண்கள் தங்களைத் தாங்களே அப்படிச் சொல்லிக்கொண்டால் அது பெருமையாம். ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால், சொல்கிற கிழவிகளின் உதடு சுருக்குப்பை மாதிரி சுருங்குமாம். வீட்டில் தங்காத பெண் என்று அர்த்தமாம். "உன் அம்மா உன்னை எப்படிச் சொல்வார்?" என்றேன். "அம்மாவா? வாகபுந்தா" என்றாள். கடல் கடந்தும் அம்மாக்கள் பரதேசி என்றுதான் திட்டுகிறார்கள் என்று தெரிந்ததும், எனக்கு உலகமே சொந்தமாகிவிட்ட மாதிரி இருந்தது.

இதற்கிடையில் செல்போனில் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். திரையில் வந்து மொழிபெயர்ப்பை மறைத்ததால், ஒவ்வொரு தடவையும் விரலால் தள்ளிவிட்டேன். தர்மகர்த்தாவைத்தான் தள்ளினேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. இந்த வருடம் கஞ்சியை விறகில் வைக்கவில்லை. கல்யாண மண்டபத்துக் கேஸ் அடுப்பில் வைத்திருக்கிறார்கள். அது சீறிக்கொண்டு எரிந்து, கஞ்சியைக் கண் மூடித் திறப்பதற்குள் வேகவைத்துவிட்டது. பெண்கள் குடித்தார்கள், தூக்கினார்கள், அழுதார்கள், கிளம்பினார்கள். எல்லைக்கல்லில் பார்த்தால் என்னைக் காணோம். கூப்பிடாமல் தானாக நிற்கக் கூடாது. நின்றால் வரவேண்டிய மழையும் நின்றுவிடும். திரும்பிப் பார்க்கவும் கூடாது. ஆகவே நடந்திருக்கிறார்கள். மண் ரோடு முடிந்தது, தார் ரோடு வந்தது, தார் ரோடு முடிந்து நெடுஞ்சாலை வந்தது.

நான் நிமிர்ந்தபோது, எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சட்டி பானைகளோடு சர்வீஸ் ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் என் மனைவி. தலையில் முறம், அக்குளில் துடைப்பம். பக்கத்து வீட்டுக்காரியின் கையில் ஒரு கோழி. அது யாரையும் நம்பாத முகத்தோடு வந்தது.

நிற்கக் கூடாதல்லவா? அதனால் அவர்கள் என் கடையைச் சுற்றத் தொடங்கினார்கள். கோயிலைச் சுற்றுவது மாதிரி, வலமாக. ஒருத்தியிடம் ஒரு வார்த்தை பேசினால், மறு வார்த்தைக்கு அவள் பின்பக்கம் போய் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

"இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு என் மனைவி மூலையில் திரும்பி மறைந்தாள்.

வந்ததும் கேட்டேன். "கஞ்சி அதுக்குள்ள வெந்துருச்சா?"

"கேஸ்ல வெச்சோம்." மறைந்தாள்.

"சொல்லக் கூடாதா?"

"போன எடுக்கக் கூடாதா?" மறைந்தாள்.

இதற்கு மேல் பொறுப்பதில் அர்த்தமில்லை. கடை வாசலிலேயே நின்று, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, குளியலறைக் குரலை எடுத்தேன். "போகாதீங்க தாயிங்களே! மழை வருது, மண்ணு நனையுது—"

"இங்கிருந்து கூப்ட்டா செல்லாது." மனைவிதான். "எல்லைக்கு உள்ள நின்னு கூப்புடறதுதானே வழக்கம்? நீங்களே வெளிய நிக்கிறீங்க. நீங்களும் இப்ப பரதேசிதான்."

"அப்ப இவரக் கூப்புட யாருக்கா வரணும்?" என்றாள் கோழிக்காரி. மொத்த ஊர்வலமும் சிரித்தது. அழுதபடி போக வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்கள்.

சைக்கிள்காரி என்னிடம் என்ன நடக்கிறது என்று கேட்டாள். மழை இல்லை, அதனால் இவர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள், ஒருவர் கூப்பிட்டால்தான் திரும்ப முடியும் என்றேன். யார் அந்த ஒருவர்? நான்தான். அப்புறம் ஏன் கூப்பிடவில்லை? நான் வெளியே இருக்கிறேன். "ஆ, சரி" என்று தலையாட்டினாள். எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டதாம். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளும் ஒரு சுற்று சேர்ந்துகொண்டாள்.

மனைவி போகிற போக்கில் என்னிடம் கேட்டாள். "இந்தப் புள்ள தனியாவா இவ்வளவு தூரம் வந்துது?"

"ஆமா."

அடுத்த சுற்று. "இவங்கம்மா திரும்பி வாடின்னு கூப்பிடலியா?"

கேட்டுச் சொன்னேன். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போன்ல கூப்புடறாங்களாம்."

அடுத்த சுற்று. "அதுக்கு இது என்ன சொல்லுது?"

"அடுத்த ஊரைப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லுமாம்."

அடுத்த அரைச் சுற்றுக்குப் பானைகள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சைக்கிள்காரி எல்லோருக்கும் கையை ஆட்டிவிட்டுச் சேலம் பக்கம் கிளம்பினாள். அவள் மேம்பாலத்தில் ஏறி மறையும் வரை, கடையைச் சுற்றிக்கொண்டே அத்தனை பேரும் பார்த்தார்கள். கழுத்து வலித்திருக்கும்.

நான் வண்டியை எடுத்தேன். "சுத்திக்கிட்டே இருங்க. நான் உள்ள போய்க் கூப்புடறேன்."

"கால் வலிக்குதுங்க" என்றாள் ஒருத்தி. "நிக்கவும் கூடாதுன்றீங்க."

"ஏக்கா, ஒக்காந்துகிட்டே போனா அது நிக்கறதுல சேருமா?" என்று கோழிக்காரி கேட்டது காதில் விழுந்தது. அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் மடையன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எல்லைக்கல்லில் ஊர் ஆண்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். இன்னும் பால் கறக்கப்படாத மாடுகள் ஊருக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தன. தர்மகர்த்தா என்னைப் பார்த்த பார்வையில் உப்பு இல்லை, காரம் மட்டும் இருந்தது.

"எங்கப்பா போன?"

"கடையிலதான் மாமா இருந்தேன்."

"அவங்க எங்க?"

"அவங்களும் கடையிலதான்."

"கூப்புடு."

கூப்பிட்டேன். நரம்பு புடைக்கக் கத்தினேன். புளியமரத்துக் காக்கை ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. கடை இருக்கும் திசையிலிருந்து ஒரு லாரி ஹாரன் மட்டும் வந்தது. "உங்கப்பன் கூப்ட்டிருந்தா..." என்று ஆரம்பித்த ஒருவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார். முடித்திருந்தாலும் தேவலை.

"போன் போடு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒரு பெரிய விவாதம் எழுந்தது. போனில் கூப்பிட்டால் சாமி ஒத்துக்கொள்ளுமா? கேஸில் காய்ச்சிய கஞ்சியை ஒத்துக்கொண்டால், இதை ஏன் ஒத்துக்கொள்ளாது? குரல் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதானே வழக்கம். காற்றில் போனால் என்ன, டவரில் போனால் என்ன? தர்மகர்த்தா கண்ணை மூடி யோசித்தார். பசி அவருக்கும்தான். "சரி, ஒரு கையால எல்லைக்கல்லைத் தொட்டுக்க. ஸ்பீக்கர்ல போடு. ஊரே கேக்கட்டும்."

குனிந்து, இடது கையால் கல்லைத் தொட்டுக்கொண்டு, வலது கையில் செல்போனைப் பிடித்தேன். பார்ப்பவர்களுக்கு நான் கல்லுக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இருந்திருக்கும். மனைவியின் போனில் மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஊர் ஆண்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். எடுத்துவிட்டாள். ஏதோ இரைச்சல், கோழியின் கொக்கரிப்பு, நிறையப் பேர் சிரிக்கிற சத்தம்.

நான் வாயைத் திறந்தேன். பழகி வைத்திருந்த குரல் வரவில்லை. காலையில் செடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வரும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பது ஏனோ நினைவுக்கு வந்தது. வந்தது வீட்டில் அவளைக் கூப்பிடுகிற குரல். அது சடங்கா, நிஜமா என்று எனக்கே தெரியவில்லை.

"போகாதீங்க தாயிங்களே. மழை வருது. மண்ணு நனையுது. வூட்டுக்குத் திரும்பி வாங்க."

அந்தப் பக்கம் ஒரு விசில் சத்தம் கேட்டது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க, என் மனைவி சொன்னாள்:

"பஸ்ஸு கெளம்பிருச்சுங்க, வைங்க."